அம்மாவின் குரலை க்ளீன் பண்ணாதீங்க சாமி!

ஒரு மாசமாக உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கிற விஷயம் இது. கோபத்தோடு எழுதாதீங்க, ரெண்டு நாள் ஆறப் போடுங்க என்று வீட்டம்மா சொன்னாள். போட்டேன். ஆறவில்லை. அதனால் கொஞ்சம் காரம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

போன தீபாவளிக்கு அக்கா மகன் சென்னையிலிருந்து ஒரு பென் டிரைவ் அனுப்பியிருந்தான். "மாமா, ஆச்சி பேசின கேசட் பதினொண்ணையும் டிஜிட்டல் பண்ணியாச்சு. நாய்ஸ் எல்லாம் சுத்தமா எடுத்துட்டாங்க. ஸ்டுடியோவுல உட்கார்ந்து பேசின மாதிரி இருக்கு, கேட்டுப் பாருங்க."

கேட்டேன். ஸ்டுடியோவில் பேசின மாதிரியேதான் இருந்தது. எங்க அம்மா ஸ்டுடியோவில் பேசவில்லை, அதுதான் பிரச்சினை.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்லணும். நான் டெல்லிக்கு வேலைக்கு வந்தது 1986-ல். ஊர் சங்கரன்கோவில் பக்கம், தறிக்காரக் குடும்பம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், ஆனால் எழுத மாட்டார், பேசவும் மாட்டார். பெரியம்மா மகன் துபாயிலிருந்து ஒரு டூ-இன்-ஒன் கொண்டு வந்திருந்தான். அதை இரவல் வாங்கி, பழைய சினிமாப் பாட்டுக் கேசட்டின் மூலையில் உடைத்திருந்த ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, அதன் மேலேயே அம்மா எனக்குக் கடிதம் பேசுவாள். பக்கத்து ஊர்க்காரர் யாராவது ஜி.டி.யிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ டெல்லிக்கு வந்தால், முறுக்கு டப்பாவுக்குள் அந்தக் கேசட்டும் வரும். நான் ஆர்.கே.புரத்தில் ஒரு ரூமில் நாலு பேரோடு இருந்தேன். எல்லாரும் தூங்கின பிறகு போட்டுக் கேட்பேன். 1993-ல் எங்க தெரு முனையில் எஸ்.டி.டி. பூத் வந்தது, கேசட் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மூணு நிமிஷம் பேசினோம். அதை யாரும் பதிவு பண்ணவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்று தெரியும். மாதுங்கா, செம்பூர், கரோல்பாக், கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம், எங்கே பிழைக்கப் போன நம்ம வீடாக இருந்தாலும் பரணில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். தாத்தா பேசினது, பாட்டி தாலாட்டுப் பாடினது, பிள்ளையின் முதல் மழலை. அதனால்தான் இதை வீட்டுக்குள் புலம்பாமல் இங்கே எழுதுகிறேன்.

எங்க அம்மா பேசும்போதெல்லாம் பின்னால் தறி ஓடிக்கொண்டிருக்கும். குழித்தறி. நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகிற சத்தம், பலகை வந்து அடிக்கிற சத்தம், மிதி மாறுகிற சத்தம். (தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடுவதற்கும் நாடா என்றுதான் பெயர், கேசட்டுக்குள் ஓடுவதற்கும் நாடா என்றுதான் பெயர். சின்ன வயசில் இதைப் பெரிய விஷயமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.) அந்தத் தறியில் உட்கார்ந்திருந்தது அப்பா. பதினொரு கேசட்டில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏதாவது சொல்லுங்களேன்" என்று அம்மா கேட்பாள், தறிதான் பதில் சொல்லும். 1999-ல் அவர் போனார். அவர் குரல் எங்கேயும் பதிவில் இல்லை. அந்தத் தறிச் சத்தம்தான் எங்களிடம் இருக்கிற அப்பா.

பென் டிரைவில் தறி இல்லை.

சரியாகச் சொன்னால், அம்மா பேசும்போது மட்டும் சொற்களுக்கு அடியில் ஏதோ துண்டு துண்டாகத் தட்டும். அவள் மூச்சு விடுகிற நேரத்தில் பட்டென்று மயான அமைதி. கடைக்காரர் என்ன பண்ணியிருக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. 'கேட்' என்று ஒரு சமாசாரம். வாசலில் நிற்கிற வாட்ச்மேன் மாதிரி, ஒலி ஒரு அளவுக்கு மேலே இருந்தால் கதவைத் திறப்பான், கீழே போனால் சாத்துவான். அதோடு சேர்த்து 'நாய்ஸ் ரிடக்‌ஷன்'. இது எப்படி வேலை செய்கிறது என்றால், யாரும் பேசாத இரண்டு நொடியைத் தேர்ந்தெடுத்து "இதுதான் இரைச்சல்" என்று மென்பொருளுக்குக் காட்டணும். அது ஒலியை நூற்றுக்கணக்கான பட்டைகளாகப் பிரித்து, எந்தப் பட்டையில் ஒலி அந்த மாதிரியின் அளவைத் தாண்டவில்லையோ அதை அமுக்கிவிடும். எங்க கேசட்டில் யாரும் பேசாத இரண்டு நொடி என்றால் அது அப்பா.

கடைக்காரர் மேல் தனிப்பட்ட விரோதம் எனக்கு இல்லை. எந்த ஊர், எந்தக் கடை என்று எழுதவும் போவதில்லை. அவருக்குத் தறி தெரியாது, எங்க வீடு தெரியாது. இரைச்சலை எடு என்றார்கள், எடுத்தார். கேசட்டுகளைத் திருப்பிக் கேட்டபோது ஐந்தைக் கவரில் போட்டுக் கொடுத்தார். மீதி ஆறு "காப்பி ஆயிடுச்சேன்னு வேஸ்ட்ல போட்டாச்சு சார்." வயிற்றெரிச்சல் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. இந்தக் காலத்தில் நம்மில் முக்கால்வாசிப் பேர் நம்புவதும் அதைத்தான். டிஜிட்டல் ஆகிவிட்டால் நாடா குப்பை.

தப்பு. அப்பட்டமான தப்பு.

கிடைத்த ஐந்தை நானே ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு பண்ணினேன். செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத்ராய் மார்க்கெட்டில் நாலு சனிக்கிழமை அலைந்து ஒரு பழைய டெக் வாங்கினேன். ரிப்பேர் பார்த்த சர்தார்ஜிக்கு எழுபது வயசு இருக்கும். நான் மென்பொருள், வடிகட்டி என்று ஏதேதோ பேசினேன். அவர் ஒரு வரியில் முடித்தார்: "பஹ்லே ஹெட் தேகோ, பாத் மே கம்ப்யூட்டர்." முதலில் ஹெட்டைப் பார், கம்ப்யூட்டரெல்லாம் அப்புறம். ஒலித்தரம் பற்றி நான் கேட்டதிலேயே உருப்படியான பேச்சு இதுதான்.

கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கணக்குப் போட்டால் 8,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை நாடாவில் பிடிக்கிற இடம் 0.006 மில்லிமீட்டர். ஹெட்டில் இருக்கிற மெல்லிய இடைவெளி நாடாவுக்குச் செங்குத்தாக நிற்கணும். ஒரு இம்மி சாய்ந்தாலும் இந்தச் சின்ன அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். குரல் கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கும். இந்தச் சாய்வுக்குத்தான் 'அசிமத்' என்று பெயர். ஹெட்டின் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ, அதைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பி, காதால் கேட்டு, எந்த இடத்தில் 'ச' தெளிவாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்தணும். கவனிக்கவும், தொழிற்சாலை அளவுக்குத் திருத்துவது இல்லை. அம்மா பேசிய டூ-இன்-ஒன் எந்தக் கோணலில் இருந்ததோ அதே கோணலுக்கு இதையும் கொண்டு வரணும். கேசட்டுக்குக் கேசட் மாறும். ஸ்டீரியோவில் கேட்டால் சரியாகப் பிடிபடாது, இரண்டு பக்கத்தையும் சேர்த்து மோனோவாகக் கேட்கணும்.

முதல் கேசட்டில் அந்த ஸ்க்ரூவைத் திருப்பினபோது, திரை விலகின மாதிரி அம்மா முன்னால் வந்தாள். சத்தியமாக ஒரு மென்பொருளும் இல்லை. ஸ்க்ரூ டிரைவர்தான்.

அந்த மங்கலைக் கம்ப்யூட்டரில் 'ட்ரெபிள்' ஏற்றிச் சரிபண்ண முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது. ஓட்டும்போது நழுவிப் போன ஒலி ஃபைலுக்குள் வரவே இல்லை. இல்லாததை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். பிறகு அந்த இரைச்சலைக் குறைக்க நாய்ஸ் ரிடக்‌ஷன், அதில் பாதிக் குரல் போகும், அதற்கு இன்னும் கொஞ்சம் ட்ரெபிள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

ஹெட்டைச் சுத்தமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தீர்களா? டால்பி பொத்தானை அணைத்தீர்களா? சாதாரண டூ-இன்-ஒன்னில் டால்பி ஏது! டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டு ஓட்டினால் மேல் ஒலி அமுங்கும். நாடா வகைப் பொத்தான் 'நார்மல்' பக்கம் இருக்கிறதா, 'குரோம்' பக்கமா? சாதாரண நாடாவைக் குரோமில் ஓட்டினாலும் மங்கும். எத்தனை கடையில் இதைப் பார்க்கிறார்கள்? வரிசையாக நாலு மெஷினில் நாலு கேசட்டைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். இன்னும் சிலர் ஆன்லைனில் விற்கிற மலிவு யூஎஸ்பி வாக்மேன் ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டரில் செருகி, ஆச்சு என்கிறார்கள். அதன் மோட்டார் ஆடுகிற ஆட்டத்தில் தாத்தா பாடினது தள்ளாடும். ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் வேறென்ன வரும்?

வேகத்தைப் பற்றி ஒரு சமாசாரம். என்னைப் போன்ற இன்ஜினீயர் கிறுக்கர்களுக்குப் பிடிக்கும், மற்றவர்கள் தாண்டிப் போகலாம். மின்சாரத்தில் ஓடின டூ-இன்-ஒன்னில் பதிவானால் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் இருக்கும். நம்ம நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். எல்லாரும் முதலில் வெட்டுவது இதைத்தான். ஆனால் அந்த முனகல் ஒரு அளவுகோல். நம்ம டெக்கின் வேகம் சரியாக இருந்து, முனகல் 53 ஹெர்ட்ஸில் நின்றால், அன்றைக்குப் பதிந்த மெஷின் மெதுவாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். குரல் ஏறக்குறைய அரைச் சுருதி ஏறிக் கீச்சென்று கேட்கும். அந்தக் காலத்தில் நம்ம மின்சாரமும் 50-லேயே நின்றதில்லை, 49-க்குக் கீழே இறங்கின நாட்கள் உண்டு. அதனால் அளவுகோலோடு காதும் வேணும். பேட்டரியில் பேசின கேசட்டில் இந்த முனகல் கிடையாது. பேட்டரி தீரத் தீர மோட்டார் தளர்ந்திருக்கும், அதனால் ஓட்டும்போது கடைசிப் பத்து நிமிஷம் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னப் பெண் குரலாகும். பென் டிரைவில் அம்மா பல இடத்தில் அப்படித்தான் பேசினாள். நான் வயசாகி எனக்குத்தான் நினைவு தப்பிவிட்டது என்று நினைத்தேன். முனகலை வெட்டிவிட்டதால், போன ஆறு கேசட்டின் ஃபைலில் வேகத்தை அளக்க இனி வழி இல்லை. உத்தேசமாகக் குறைத்துக் கேட்கிறேன்.

'ஸ்ஸ்ஸ்' என்ற நாடா இரைச்சலுக்கு வருவோம். அது பெரும்பாலும் மேல் ஒலிகளில் உட்கார்ந்திருக்கிறது. 'ச' என்று உரசிச் சொல்கிற ஒலியின் பெரும்பகுதியும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அங்கேயேதான். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கிறவர்கள். ஒருத்தரைக் காலி பண்ணச் சொல்லி ஆள் அனுப்பினால் மற்றவர் சாமானும் தெருவுக்கு வரும். குரல் தண்ணிக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகும், ஓரத்தில் சின்னச் சின்னதாக மணி கிணுகிணுக்கும். நீங்களும் கேட்டிருப்பீர்கள், எம்பி3 கோளாறு என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் சும்மா விட்டால், இந்த 'ஸ்ஸ்ஸ்' ஒரு நிமிஷத்தில் காதுக்குப் பழகிவிடும். ஃபேன் ஓடுகிற அறையில் நாம் பேசிக்கொள்வதில்லையா? போன குரல் எத்தனை நிமிஷம் கேட்டாலும் திரும்பாது.

அதற்காக எதையுமே தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அம்மா சொல்வது புரியவே இல்லை, பிள்ளைகள் இரண்டு நிமிஷத்தில் எழுந்து போய்விடுகிறார்கள் என்று நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். நியாயம். என் மகளே எழுந்து போயிருக்கிறாள். தாராளமாகக் குறையுங்கள், ஆனால் நகலில். மூலத்தை அப்படியே ஒரு ஃபைலாக வைத்துக்கொண்டு, இன்னொன்றை எடுத்து, 6 டெசிபல் வரை குறைத்துப் பாருங்கள், பெரும்பாலும் போதும். 20, 30 என்று இழுக்கும்போதுதான் கொலை நடக்கிறது. ஆடாசிட்டி இலவச மென்பொருள், 2000-லிருந்து இருக்கிறது, அதில் 'நீக்கியதை மட்டும் கேட்க' ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுக் கேளுங்கள். நீக்கினதில் மனுஷக் குரல் கேட்டால் கையை எடுங்கள். கடைக்காரர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் எங்க அப்பா அதில் கேட்டிருப்பார்.

மூலம் என்றால் என்ன? எம்பி3 இல்லை. ஒலி, காட்சிக் காப்பகங்களின் சர்வதேச சங்கம் ஒன்று இருக்கிறது, சுருக்கமாக ஐ.ஏ.எஸ்.ஏ. அவர்கள் வழிகாட்டியில் குறைந்தபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், அமுக்காத வேவ் ஃபைல் என்று சொல்கிறார்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜி.பி.யைக் கொஞ்சம் தாண்டும். எங்க பதினொரு கேசட்டும் சேர்த்தால் 12 ஜி.பி.க்குள் முடிந்திருக்கும். கல்யாண வீடியோவுக்கு எத்தனை ஜி.பி. கொடுக்கிறோம்? கடைக்காரர் கொடுத்தது 128 கே.பி.பி.எஸ். எம்பி3, மணிக்கு 58 எம்.பி. அதுவும் வெட்டி ஒட்டினது. அம்மா பேசி முடித்துப் பொத்தானை நிறுத்தின 'டக்', அதற்குப் பிறகு பாதியிலிருந்து தொடங்குகிற பழைய சினிமாப் பாட்டு, எல்லாம் 'தேவையில்லாத பகுதி' என்று போய்விட்டது. அந்தப் பாட்டு வந்தால்தான் அம்மா பேசி முடித்தாள் என்று அர்த்தம். ஆர்.கே.புரத்து ரூமில் அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் நான் நிறுத்த மாட்டேன்.

இப்போது நாடாவை ஏன் எறியக்கூடாது என்பதற்கு வருகிறேன். ஜான் லெனன் 1970-களின் கடைசியில் நியூயார்க் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டு ஒரு கேசட்டில் பாடி வைத்தார். அவர் போன பிறகு மற்ற மூன்று பீட்டில்ஸும் 1995-ல் அதை முடிக்கப் பார்த்தார்கள். கேசட்டில் மின்சார இரைச்சல், குரலின் மேலேயே பியானோ, பிரிக்க முடியவில்லை, கைவிட்டார்கள். பிறகு புதிய கருவிகள் வந்து குரலைத் தனியே பிரித்தன. 2023 நவம்பரில் 'நவ் அண்ட் தென்' வெளியானது. இருபத்தெட்டு வருஷம். 1995-ல் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்குச் 'சுத்தம்' பண்ணி அதையே மூலமாக வைத்துக்கொண்டு கேசட்டை எறிந்திருந்தால் 2023-ல் என்ன மிஞ்சியிருக்கும்? நமக்கு அந்த வசதி இன்றைக்கு இல்லாமல் இருக்கலாம். நம்ம பேரப்பிள்ளைகளுக்கு இருக்கும். நாடாவையும், தொடாத ஃபைலையும் விட்டு வைத்தால்.

உடனே "அதான் ஏ.ஐ. வந்துட்டதே மாமா" என்றான் மருமகன். நான் வருத்தப்பட்டேன் என்று அவனே ஒரு ஃபைலை அப்படி ஒன்றில் போட்டு அனுப்பினான். பிள்ளை நல்ல மனசுக்காரன், அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வகைக் கருவிகளில் சில, இருக்கிற ஒலியை வடிகட்டுவதோடு நிற்பதில்லை. தெளியாத இடத்தில் பேச்சு எப்படி இருந்திருக்கலாம் என்று ஊகித்துப் புதிதாக ஒலியை உண்டாக்குகின்றன. எங்க அம்மா "எய்யா, சொகமா இருக்கியா" என்றுதான் தொடங்குவாள். அந்த ஃபைலில் என் காதுக்கு 'ஐயா' என்று விழுந்தது. "உங்கப்பா தறியில இருக்காக" என்பது 'இருக்காங்க' மாதிரிக் கேட்டது. நல்ல தெளிவான குரல், யாரோ ஒரு நல்ல அம்மா. சங்கரன்கோவில் பக்கத்து அம்மா இல்லை. ஜான் லெனன் விஷயத்தில் இருந்ததைப் பிரித்தெடுத்தார்கள். இங்கே இல்லாததை எழுதிச் சேர்க்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து விற்றால் நாம் குழம்பாமல் என்ன செய்வோம்?

ஏழாவது கேசட்டின் ஏ பக்கத்தை டிசம்பரில் ஒரு ராத்திரி ஓட்டினேன். என் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் பேசினது. அம்மா பெண் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு, "நீங்களும் ஒரு வார்த்தை பிள்ளைகிட்ட சொல்லுங்களேன்" என்கிறாள். கடைக்காரர் ஃபைலில் அதன் பிறகு அமைதி, பிறகு அம்மா வேறு பேச்சுக்குப் போகிறாள். அப்பா காதிலேயே வாங்கவில்லை என்றுதான் தோன்றும். டெக்கில் கேட்டால், அவள் கேட்டதும் தறி நின்றுவிடுகிறது. ஐந்து நொடி. மூச்சு விடுகிற சத்தமோ, நாடா இரைச்சலோ, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிறகு மிதி மாறுகிறது, தறி ஓடத் தொடங்குகிறது. நாற்பது தடவை கேட்டிருப்பேன். குப்பைக்குப் போன ஆறு கேசட்டிலும் அம்மா அப்பாவைக் கேட்கிற இடங்கள் இருக்கின்றன. அங்கேயெல்லாம் தறி நின்றதா, ஓடிக்கொண்டிருந்ததா?

பழியை மற்றவர் மேலேயே போட்டுக்கொண்டிருப்பதும் அழகில்லை. இருபத்தைந்து வருஷம் அந்தப் பிஸ்கட் டின்னை அக்கா வீட்டுப் பரணில் போட்டு வைத்தது நான். லீவுக்குப் போகும்போதெல்லாம் 'அடுத்த தடவை' என்று சொன்னது நான். மருமகனாவது எடுத்து வெளியே கொண்டு வந்தான். நீங்களும் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க நேரம் இல்லை. நாடாவை விட அதை ஓட்டுகிற மெஷின்தான் முதலில் காணாமல் போகிறது. நல்ல டெக் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள், ரப்பர் பெல்ட் இளகுகிறது, திருத்தத் தெரிந்தவர்கள் எழுபதைத் தாண்டுகிறார்கள். யுனெஸ்கோவும் ஐ.ஏ.எஸ்.ஏ.வும் சேர்ந்து 2019-ல் இதைத்தான் எச்சரிக்கை மணியாக அடித்தார்கள்.

கடையில்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் (எல்லாராலும் லஜ்பத்ராய் மார்க்கெட்டில் அலைய முடியாது), வாயைத் திறந்து கேளுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் அசிமத் பார்ப்பீர்களா? இந்தக் கேள்விக்கு முழித்தால் கேசட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தொடாத வேவ் ஃபைல் வேணும், பக்கத்துக்கு ஒன்று, முதல் 'டக்'கிலிருந்து கடைசி வரைக்கும் என்று எழுதியே கொடுங்கள். நாடா ஒவ்வொன்றும் எண்ணித் திரும்பி வரணும். பூஞ்சை பிடித்த கேசட்டைத் தனியே கொடுங்கள், அது ஓடின மெஷினில் அடுத்தவர் கேசட்டும் கெடும். ரொம்ப நாள் கிடந்த கேசட்டை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை முழுக்கச் சுற்றித் திரும்பச் சுற்றச் சொல்லுங்கள். சுருளில் பக்கத்துப் பக்கத்து அடுக்கில் ஒட்டிக் கிடப்பதால், ஒருத்தர் பேசுவதற்கு ஒன்றரை, இரண்டு நொடி முன்னாலேயே அவர் குரல் நிழல் மாதிரிக் கேட்கும். சுற்றினால் அது கொஞ்சம் குறையும். முழுக்கப் போகாது. எங்க கேசட்டில் அம்மா 'எய்யா' என்பதற்கு முன்னால் ஒரு குட்டி 'எய்யா' தூரத்தில் கேட்கும். அதை நான் நகலில்கூடத் தொடவில்லை.

ஐந்தில் நான்கு முடிந்தது. பதினோராவது கேசட்டின் பி பக்கம் மட்டும் பாக்கி. ஹெட்டோடு நாடாவை அழுத்திப் பிடிக்கிற பஞ்சு கழன்று விழுந்திருக்கிறது, ஓட்டினால் குரல் வந்து வந்து போகிறது. ஒட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. ஓட்டை வேறு, ஐந்து ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டுப் போட்ட ரகம், கத்தியால் நெம்பித்தான் பிரிக்கணும். நாடாவை வேறு கேசட் கூட்டுக்குள் மாற்றணும். பயமாக இருக்கிறது. சர்தார்ஜி சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.